நடுரோட்டில் விடாத வண்டி

டீச்சர் காரை ஓரங்கட்டினால் நாங்கள் இளநீர் குடித்தாக வேண்டும். வேண்டாம் என்றால் விடமாட்டார். காலையில் அவசரமாக விழுங்கிய இட்லி நெஞ்சிலேயே நிற்கும். சில நாள் மழை வேறு தூறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாருக்கு இளநீர் கேட்கும்? ஆனாலும் நகரியைத் தாண்டி அந்த வேப்பமரத்தடியில் கார் நின்றால், அவர் இறங்கி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, இளநீர்க்காரரிடம் போய், "நாலு வெட்டுங்கண்ணே. அவசரமில்ல, நிதானமா வெட்டுங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கிற நேரம் நெருங்கியிருக்கும். அவசரமில்லை என்று சொல்கிற கணக்கு டீச்சரை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சமயநல்லூரில் நின்றால் கொய்யாப்பழம். பரவையில் நின்றால் கத்தரிக்காய், கீரை. தை மாதம் என்றால் பனங்கிழங்கு. எதுவுமே விற்காத இடத்தில் நின்றால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, தூரத்து மலையைப் பார்த்தபடி, "ஆமா... ஆமா... சரி, சாயங்காலம் வாரேன்" என்று பேசிக்கொண்டே நடப்பார். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவருக்குத் தீனி ஆசை அதிகம் என்று நினைத்திருந்தோம். மதுரை காளவாசலில் ஏறுகிற நாங்கள் மூன்று பேரும் அவருடன் வாடிப்பட்டிப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். பின் சீட்டில் வருகிற இரண்டு டீச்சர்களும் ஏறியவுடன் தூங்கிப்போவார்கள். கொய்யா வந்தால் மட்டும் கண் திறப்பார்கள். முன் சீட்டு எனக்கு. நான் சோஷியல் டீச்சர், எனக்கு வண்டியில் தூக்கம் வராது.

டீச்சரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கார் கம்பெனியின் பெயரையும் எழுதமாட்டேன். இரண்டையும் எழுதினால் அவர் வருத்தப்படுவார். கம்பெனி பெயரை எழுதினால் கொஞ்சம் கூடுதலாக.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் யார் எதை வாங்கினாலும் டீச்சரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். மிக்ஸி, கைக்குழந்தைக்குத் தொட்டில், பல் பிடுங்கும் டாக்டர், மகளுக்கு வந்திருக்கும் வரன் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் உண்டு. உடனே சொல்லிவிடமாட்டார். "ரெண்டு நாள் குடுங்க" என்பார். நாலு இடத்தில் விசாரிப்பார். பிறகு வந்து, "வாங்கலாம்" என்பார், அல்லது "வேண்டாம்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அவர் வாங்கலாம் என்று சொன்ன எதுவும் கெட்டுப்போனதாகக் கேள்விப்பட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை இருந்தது. இருக்கட்டுமே, சிலருக்கு நகை, சிலருக்குப் பிள்ளைகளின் மார்க், இவருக்கு அவர் சொல்.

அப்படிப்பட்டவர் தனக்கென்று கார் வாங்கும்போது எம்புட்டு விசாரித்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் வீட்டுக்காரர் ஜவுளிக்கடை ஒன்றில் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிற மனிதர். மனைவி கார் ஓட்டப் பழகுகிறாள் என்றதும், "பொம்பள கார் எடுத்தா பின்னாலேயே ஒரு கயிறும் வாங்கி வைக்கணும். நாலு பேரு கட்டி இழுத்துட்டு வரணும்ல" என்றார். விருந்தாளிகள் வந்தபோதெல்லாம் இதையே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சிரித்தார். நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே கயிறு தேவைப்படாத வண்டி வேண்டும். காளவாசல் டாக்சி ஸ்டாண்டில் கேட்டார். வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் கேட்டார். தம்பியிடம், தம்பியின் முதலாளியிடம் கேட்டார். எல்லோரும் ஒரே கம்பெனியைச் சொன்னார்கள். "மத்த வண்டியெல்லாம் ஓட்டுற ஆளப் பொறுத்து ஓடும் டீச்சர். அது தானா ஓடும். கண்ண மூடிட்டு வாங்குங்க. நடுரோட்டுல விடாது." சொன்னவர்கள் எல்லோரும் அந்தக் கம்பெனியின் பழைய வண்டியை ஓட்டியவர்கள், அல்லது ஓட்டியவர்கள் சொல்லக் கேட்டவர்கள். டீச்சர் வாங்கியது புதிதாக வந்த மாடல். பேர் எடுத்தது ஒரு வண்டி, வீட்டுக்கு வந்தது வேறு ஒரு வண்டி. முன்னால் ஒட்டியிருந்த முத்திரை மட்டும் ஒன்று. இது எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் தலையாட்டினேன்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு எங்கள் பி.டி. சாரும் ஆபீஸ் கிளார்க்கும் டீச்சரிடம் கேட்டு அதே மாடலை வாங்கினார்கள். இளநீர் அதன்பிறகுதான் ஆரம்பித்தது.

எனக்கு விஷயம் தெரிந்த நாள் இப்படி. சமயநல்லூர் தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று இன்ஜின் சத்தம் இல்லை. ஏ.சி. அடங்கிவிட்டது. ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எரிந்தன. டீச்சர் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டார். கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்தார். கனத்துப்போன ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வளைத்து, வண்டி உருளுகிற வேகத்திலேயே அதை மண்சாலையில் இறக்கி நிறுத்தினார். பின்னால் தூங்கியவர்கள் அசையக்கூட இல்லை. அவ்வளவு நேர்த்தி. இத்தனை நாளும் அவர் ஆசைப்பட்டு நிறுத்துகிறார் என்று நான் நம்பியதில் ஆச்சரியமில்லை.

என் முகத்தைப் பார்த்தார். "எளநி குடிப்போமா?" என்றார்.

அந்த இடத்தில் இளநீர் இல்லை. ஒரு பஞ்சர் கடை இருந்தது, பூட்டியிருந்தது. அதன் முன்னால் ஓர் எருமை கட்டிக் கிடந்தது.

"குடிப்போம் டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்ல? இரண்டு பேரும் இறங்கிப்போய் எருமை பக்கத்தில் நின்றோம். லாரிகள் போகிற சத்தத்துக்கு நடுவில் அவர் மெதுவாக, "சூடு ஆறுனா கிளம்பிரும். எப்பவும் கிளம்பிரும்" என்றார். பிறகு, "யார்ட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்றார். அவர் என்னைவிட மூத்தவர், யாரிடமும் கெஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் எருமையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

சாயங்காலம் திரும்பும்போது நின்று இளநீர் வாங்குகிற நாளெல்லாம் டீச்சர் தன் வீட்டுக்காரருக்கும் ஒன்று வாங்கிக்கொள்வார். தாமதத்துக்கு அது சாட்சி. "எங்க வீட்டம்மா எனக்கு எளநி இல்லாம வீடு திரும்பாது" என்று அந்த மனிதர் கடையில் எல்லோரிடமும் பெருமை பேசினாராம்.

அந்த வாரமே சனிக்கிழமை, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனார். கண்ணாடிச் சுவர், காபி மெஷின், பெரிய டி.வி. டை கட்டிய ஓர் இளைஞர் வந்து, முதல் கேள்வியாக, "சார் வரலையா மேடம்?" என்றார்.

"சார் எதுக்கு? வண்டி நான்தான் ஓட்டுறேன்."

"இல்ல மேடம், சும்மா கேட்டேன்." உள்ளே போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார். "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சு மேடம். எரர் ஒண்ணும் காட்டல."

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே நிக்குதே தம்பி."

"நம்ம கம்பெனி வண்டி அப்படி நிக்காதே மேடம்." அவர் பொய் சொல்லவில்லை. அதை அவர் நம்பினார், அதுதான் தொல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுவீங்களோ? லேடீஸ் நெறையப் பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க. டிரைவிங் ஸ்டைல கொஞ்சம் மாத்திப் பாருங்க" என்றார்.

கத்தரிக்காயில் ஒரு புழு ஓட்டை இருந்தால் பரவை மார்க்கெட்டையே நிறுத்திக் கேள்வி கேட்கிறவர், அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டார். அங்கே காத்திருந்த இன்னும் சிலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடகுக்கடையில் தெரிந்தவர்களைச் சந்தித்துவிட்டவர்கள் போல இருந்தது. ஒருவரிடம் டீச்சர், "உங்க வண்டிக்கு என்னங்க?" என்று கேட்டார். "சும்மா ஜெனரல் சர்வீஸ்தாங்க" என்று சொல்லிவிட்டு அவர் காபி எடுக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நாள் கழித்து என் நாத்தனார் மகள் வீட்டுக்கு வந்தாள். அண்ணா நகர்ப் பக்கம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். "அத்தை, உங்க ஸ்கூல் டீச்சராம், எங்க பேட்ச்சுல புதுசாச் சேந்திருக்காங்க. வயசானவங்க. கிளட்ச்லருந்து கால எடுங்கன்னு மாஸ்டர் சத்தம் போட்டதும் கண்ணு கலங்கிட்டாங்க. பாவம், இந்த வயசுல எதுக்கு அவங்களுக்கு?" என்றாள். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். லைசென்ஸ் வாங்கி வருடங்களாகி, தினமும் எங்களை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போய்வருகிற பெண், ஊரின் மறுகோடியில் எல் போர்டு மாட்டிய வண்டியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒரு பையன் போகிற போக்கில் சொன்ன சொல்லுக்காக. எனக்கு அன்றைக்கு வந்த அவமானம் யாருடையது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை வண்டியில் டீச்சரின் கால்களைப் பார்த்தேன். கியர் மாற்றியதும் இடது காலைத் தூக்கி, தண்டனை கொடுத்த பிள்ளையைப் போல ஓரமாக நிறுத்தி வைத்தார். வாடிப்பட்டி வரை அப்படியே ஓட்டினார். புதன்கிழமை வண்டி மறுபடியும் நின்றது.

"இன்னும் கால் சரியாப் பழகல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சர், கோளாறு வண்டியில. உங்க கால்ல இல்ல."

"ஊரே நல்ல வண்டிங்குது. பி.டி. சாரு வண்டி நிக்குதா? கிளார்க்கு வண்டி நிக்குதா? எனக்கு மட்டும் நிக்குதுன்னா என்ன அர்த்தம் சொல்லுங்க."

கணக்கு டீச்சர் அல்லவா.

பி.டி. சாரிடம் அவர் தினமும் விசாரிப்பார். "வண்டி எப்படி சார் ஓடுது?" சார் விறைப்பாக நின்று, "சும்மா பட்டாசா ஓடுது டீச்சர்" என்பார். அதைக் கேட்டு டீச்சரின் முகத்தில் ஒரு நிம்மதி வரும், அடுத்த நொடியே முகம் சுருங்கும். சாரின் வண்டியில் முதலில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. பிறகு மிளகாய் சேர்ந்தது. பிறகு கறுப்புக் கயிறு, சிவப்புத் துணியில் ஏதோ முடிச்சு, சின்னதாக ஒரு திருஷ்டி பொம்மை. "என்ன சார், கார் வாங்குனீங்களா, மந்திரக் கடை வச்சிருக்கீங்களா?" என்று நாங்கள் கேலி செய்வோம். "கண்ணு பொல்லாதது டீச்சர்" என்று சிரித்து மழுப்புவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சத்துணவு அக்கா வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு அவர்தான். சொந்த ஊர் திருவாதவூர். வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் வண்டியை ஓட்டியவர், லாரி, வேன், டிராவல்ஸ் கார் எல்லாம். கடைசியில் சொந்தமாக ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்று ஆசை. அதற்காக அக்கா தன் அம்மா வீட்டில் கொடுத்த நிலத்தை விற்கத் தயாரானார். ஆனால் வீட்டுக்காரர் பேச்சையோ ஷோரூம்காரன் பேச்சையோ நம்பி விற்க மனசில்லை. ஒருநாள் மதியம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், அந்த மனுசன் உங்க வண்டி மாதிரியேதேன் வேணுமுங்கிறாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுருவேன். நடுரோட்டுல விட்டுராதுல்ல?"

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். பி.டி. சார் மட்டும் ஜன்னல் வழியாகக் காலி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கம்பெனிக்கா. எல்லாரும் சொல்றாங்க" என்றார் டீச்சர்.

"எல்லாரும் சொல்றதத்தேன் அவரும் சொல்றாரே. நீங்க சொல்லுங்க டீச்சர்."

ரெண்டு நாள் குடுங்க என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விடைத்தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். பிறகு, "வாங்கலாம்" என்றார்.

அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பார்த்து வண்டி நிற்கவே இல்லை. டீச்சர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். அது நிற்க வேண்டும் என்று அவர் விரும்பியது போல எனக்குப்பட்டது.

புது வண்டிக்கு அழகர்கோவிலில் பூஜை. பதினெட்டாம்படிக் கருப்பு வாசலில் வைத்துத்தான் என்று அக்கா உறுதியாக இருந்தார். எங்களை எல்லாம் அழைத்திருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே சாமியைப் பார்க்க முடியாது. சந்தனம் பூசிய பெரிய கதவுதான் சாமி. மதுரைப் பக்கத்தில் என்ன தகராறு என்றாலும், "கருப்பு வாசல்ல வந்து சொல்லு பாப்போம்" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், பாதிப்பேர் சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தக் கதவு முன்னால் பொய் சொல்கிற தைரியம் படித்தவர்களுக்கும் கிடையாது, படிக்காதவர்களுக்கும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் டீச்சரின் வீட்டுக்காரரும் வந்திருந்தார். பி.டி. சார், கிளார்க், நான். பூசாரி வண்டிக்கு மாலை போட்டார், சந்தனம் தெளித்தார், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சாவியைக் கதவு முன்னால் வைத்து எடுத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தார். அக்கா அந்தத் தட்டை நேராக டீச்சரிடம் கொண்டுவந்தார்.

"உங்க வாக்கத்தேன் நம்பி வாங்குனது டீச்சர். இந்த வண்டி எங்கள நடுரோட்டுல விடாதுன்னு கருப்பு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லி, உங்க கையால சாவியக் குடுங்க. அம்புட்டுதேன்."

அக்கா மனதில் கள்ளமே இல்லை. ஆசீர்வாதம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். டீச்சர் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கியதும் சாவி தட்டில் கிணுகிணுவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

"சொல்லும்மா. வகுப்புல மட்டும் அம்புட்டுப் பேசுற" என்றார் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே.

டீச்சர் கதவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"என் வண்டி நிக்குதுக்கா" என்றார்.

"என்ன டீச்சர்?"

"ரெண்டு வருசமா நிக்குது. ஓடிக்கிட்டு இருக்கும்போதே நிக்குது. அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்."

வீட்டுக்காரரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை. "நிக்குதா? எப்ப நின்னுச்சு? எனக்குத் தெரியாம?"

"நான் உங்களுக்கு எளநி வாங்கிட்டு வந்த அன்னைக்கெல்லாம்."

யாரும் சிரிக்கவில்லை. பி.டி. சார் தொண்டையைச் செருமினார். பரேடு மைதானத்தில் கேட்கிற குரல் அவருக்கு, அன்று பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "என்னோடதும் நிக்குது டீச்சர். எனக்குத்தான் ராசி இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு..." கிளார்க் தரையைப் பார்த்தபடி கையை லேசாக உயர்த்திக் காட்டினார், வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் காட்டுகிற மாதிரி. இத்தனை நாளும் தனித்தனியாக ஆளுக்கோர் இடத்தில் நின்றிருக்கிறார்கள். ஒருத்தர் எலுமிச்சம்பழம் கட்டினார், ஒருத்தர் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார், ஒருத்தர் வாயே திறக்கவில்லை. விஷயம் தெரிந்த நானோ அன்று வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கருப்பு வாசலில் அத்தனை பேரும் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாலை போட்ட வண்டியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன் டீச்சர் அன்னைக்கே சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா தட்டிலிருந்து சாவியைத் தானே எடுத்துத் தன் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி, எங்கள் எல்லோருக்கும் ஆறுதல் சொல்வது போல, "விடுங்க டீச்சர். நான் ஓட்டுற வண்டி நிக்காது. இத்தன வருசத்துல எவன் வண்டியும் என் கையில நின்னதில்ல" என்றார். எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டி கிளம்பிப் போனது.

அடுத்த வாரம் டீச்சர், பி.டி. சார், கிளார்க் மூன்று பேரும் சேர்ந்து சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னதும் அந்த இளைஞர் உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். பெட்ரோல் வருகிற பாதையில் ஏதோ ஒரு சின்னப் பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா ஒரு சேஃப்டிக்குத்தான் மேடம்" என்றார்கள். உங்கள் காலில் குற்றமில்லை என்று யாரும் டீச்சரிடம் சொல்லவில்லை. அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. ஆனாலும் அவர் இடது காலை ஓரமாகவே வைத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரரிடம் அவரே போய், "அண்ணே, உங்க வண்டியிலயும் அத மாத்திக் கேளுங்க" என்றார். "நம்ம வண்டியில அந்தக் கோளாறெல்லாம் இல்ல டீச்சர்" என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டார்.

டீச்சரின் வீட்டுக்காரர் கயிறு வேடிக்கையை அதன்பிறகு சொன்னதே இல்லை. விருந்தாளிகள் யாராவது ஞாபகப்படுத்தினால்கூடப் பேச்சை மாற்றினாராம். டீச்சருக்கு அதுதான் தாங்கவில்லை. "பழையபடி சொல்லிச் சிரிச்சாருன்னா தேவலையே டீச்சர்" என்று என்னிடம் சொன்னார். ஸ்டாஃப் ரூமில் யாராவது ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்று கேட்டால், "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா" என்று நோட்டைத் திருத்தக் குனிந்துகொள்வார். மெல்ல மெல்லக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். வண்டியை விற்றார். நாங்கள் மறுபடி பஸ்ஸுக்கு வந்தோம். ஓய்வு பெற்றதும் மகளிடம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்.

எப்போதாவது போனில் பேசுவார். சுகம் விசாரித்து முடித்ததும் கேட்பது ஒன்றுதான். "சத்துணவு அக்கா வண்டி எப்படி ஓடுதாம்?"

"நல்லா ஓடுதுன்னு சொல்றாங்க டீச்சர்."

"சொல்றாங்களா, ஓடுதா?"

போன மாதம் பஸ்ஸைத் தவறவிட்டு, ஸ்கூட்டரில் வாடிப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நகரி தாண்டி, அதே வேப்பமரத்தடியில் சத்துணவு அக்காவின் கார் நின்றது. இடது பக்க இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருந்தது. உள்ளே கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம், பட்டுச்சேலையும் வியர்வையுமாகப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் வெளியே நின்றார். ஒரு கையில் இளநீர், குடிக்கவில்லை. இன்னொரு கை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல, பானெட்டின் மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"என்னண்ணே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். தாகமா இருந்துச்சு, சும்மா நிறுத்துனேன்." சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தார். "நீங்களும் ஒரு எளநி குடிச்சுட்டுப் போங்களேன்."

எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. இளநீர் குடிக்கிற வயிறும் அன்று இல்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினேன். காரைப் பார்க்காமல் இளநீர்க்காரரிடம் போய், "ஒண்ணு வெட்டுங்கண்ணே. அவசரமில்ல, நிதானமா வெட்டுங்க" என்றேன்.